‘நிலைப்படுத்தல்’ வேண்டாம், ‘நடுக்கத் தணிப்பு’ என்போம்

வணக்கம் நண்பர்களே,

வீடியோ எடிட்டிங்கில், குலுங்கும் படத்தைச் சீராக்கும் வசதியான ‘ஸ்டெபிலைசேஷன்’ என்பதற்குத் தமிழில் ‘நிலைப்படுத்தல்’ போதும் என்று பேச்சு வந்தது. அகராதிப்படி சரிதான். ஆனால் மென்பொருள் செய்கிற வேலையோடு அந்தச் சொல் ஒட்டவில்லை. நான் முன்வைப்பது ‘நடுக்கத் தணிப்பு’.

போன வாரம் ஒரு 12 நொடிக் காட்சியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். நடை பழகும் குழந்தை என்னை நோக்கி வருகிறாள். கையில் போனோடு பின்னால் நடந்தபடியே எடுத்தது. நான் வைத்த ஒவ்வொரு அடிக்கும் அவள் பின்னாலிருக்கும் ஜன்னல் சட்டம் எழும்பி இறங்குகிறது. எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருளில் இருக்கும் விட்ஸ்டாப் என்ற குலுக்கல் குறைக்கும் கருவியை ஓட்டினேன். அது இரண்டு முறை ஓடும். முதல் முறை படத்தைத் தொடாது. ஒரு பிரேமுக்கும் (வீடியோவில் அடுத்தடுத்து ஓடும் தனிப்படம்) அடுத்ததற்கும் இடையே காட்சி எவ்வளவு நகர்ந்தது, எவ்வளவு சாய்ந்தது என்று பார்த்து ஒரு கோப்பில் எழுதிக்கொள்ளும். இரண்டாம் முறைதான் அந்தக் கணக்கை வைத்துக் கேமரா போன வழியைச் சீராக்கி, பிரேம்களை எதிர்ப்பக்கம் நகர்த்தும், திருப்பும்.

சீராக்கும்போது பக்கத்துக்கு எத்தனை பிரேமைக் கணக்கில் எடுப்பது என்ற அளவை முதலில் 10 என்று வைத்தேன். முன்னால் 10, பின்னால் 10, நடுவில் ஒன்று, ஆக 21 பிரேம். நொடிக்கு 25 பிரேம் ஓடும் படத்தில் இது ஒரு நொடிகூட இல்லை. குலுக்கல் ஓரளவுதான் குறைந்தது. அதை 30 ஆக்கினேன். 61 பிரேம், ஏறக்குறைய இரண்டரை நொடி. ஜன்னல் சட்டம் குதிப்பது அடங்கிவிட்டது. ஆனால் நான் பின்னால் நடந்த நகர்வு அப்படியே இருந்தது. இருக்கத்தானே வேண்டும், அதுதானே காட்சி! நிலைப்படுத்தல் என்றால் ஒரே இடத்தில் நிற்கவைப்பது. இங்கே எதுவும் நிற்கவில்லை.

சரி, ‘நடுக்க நீக்கம்’ எனலாமா? எனக்கும் முதலில் பிடித்த சொல் அது. அதே காட்சியைப் பெரிய திரையில் பார்த்தபோது மனம் மாறிவிட்டது. அறையில் வெளிச்சம் குறைவு, அதனால் ஒவ்வொரு பிரேமும் பதிவாக அதிக நேரம் எடுத்திருக்கிறது. கை அசைந்த கணங்களில் குழந்தையின் முகம் இழுபட்டு மங்கியிருக்கிறது. பிரேமை நகர்த்தினாலும் அந்த மங்கல் போகாது. படம் குலுங்காமல் இருக்க, முகம் மட்டும் மங்கி மங்கித் தெளிகிறது. நகர்த்தியதால் ஓரத்தில் கறுப்பு விழும், அதை மறைக்கப் படத்தைப் பெரிதாக்க வேண்டும். அதில் கடைசி அடியில் அவள் பாதம் வெட்டுப்பட்டுப் போயிற்று. இவ்வளவு தடம் விட்டுப் போவதை நீக்கம் என்று சொல்ல மனம் வரவில்லை.

தணிப்பு அப்படியில்லை. காய்ச்சல் தணிகிறது, தாகம் தணிகிறது, கோபம் தணிகிறது. இருந்தது அளவில் இறங்குகிறது, கொஞ்சம் மிஞ்சினாலும் சொல் பொய்யாகாது.

முன்பாதிக்கு ‘ஆட்டம்’ என்றும் ஒரு யோசனை வந்தது. ‘படம் ஆடுது’ என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். ஆனால் ‘ஆட்டத் தணிப்பு’ என்று மெனுவில் தனியாகப் பார்த்தால் விளையாட்டு, நடனம் என்று கவனம் சிதறும். ‘நடுக்கம்’ கை நடுக்கத்திலிருந்து நிலநடுக்கம் வரை சிறிதையும் பெரிதையும் தாங்குகிற சொல்.

இன்னொரு வசதியும் கிடைக்கிறது. 1970களில் காரெட் பிரவுன் உருவாக்கிய, கேமராவை உடலோடு மாட்டிக் குலுங்காமல் தாங்கும் ஸ்டெடிகேம், மோட்டாரால் கேமராவைச் சமன்செய்யும் இப்போதைய கிம்பல், லென்ஸுக்குள் அசைந்து ஈடுகட்டும் கண்ணாடி வில்லை எல்லாமே படம் எடுக்கும்போதே வேலை செய்பவை. அவற்றை ‘நடுக்கத் தடுப்பு’ என்று பிரித்துவிடலாம். எடுத்த பிறகு செய்வது தணிப்பு. வினையாகவும் எளிதாக வளைகிறது: பொத்தானில் ‘நடுக்கம் தணி’, முடிந்ததும் ‘நடுக்கம் தணித்த காட்சி’.

அப்புறம், கேமராவில் ஒளியைப் பதியும் சென்சார் படத்தை வரிவரியாகப் படிப்பதால் அசைவில் படம் ஜெல்லிபோல நெளிகிறதே, அதற்குக் ‘குழைவு’ எப்படி? சாதாரணத் தணிப்பு இதைச் சரிசெய்யாது, ஆகவே தனிச்சொல் தேவை.

‘நிலைப்படுத்தல்’ பொருந்துகிற இடம் ஒன்று உண்டு. விட்ஸ்டாப்பில் முக்காலி முறை என்று இருக்கிறது. ஒரு பிரேமை ஆதாரமாக வைத்து மற்ற எல்லாவற்றையும் அதோடு பொருத்தி, கேமரா அசையவே இல்லாததுபோல ஆக்கும். அந்த முறைக்கு அதையே வைத்துக்கொள்வோம்.