தோள்பட்டைக்கு அல்ட்ராசவுண்டா? அது வயிற்றுக்கு எடுப்பதுதானே?

யீஷுன்_வாசி:
அம்மாவுக்கு 66 வயது, சர்க்கரையும் இருக்கிறது. மூன்று மாதமாக வலது தோள்பட்டையில் வலி. மேல்தட்டில் இருக்கும் மிளகாய்த்தூள் டப்பாவை எட்டி எடுக்க முடியவில்லை, தலை பின்னிக்கொள்ளக்கூட நான்தான் வேண்டியிருக்கிறது. பலதுறை மருந்தகத்தில் எக்ஸ்ரே எடுத்துவிட்டு எலும்பு நன்றாக இருக்கிறது என்றார்கள், அப்புறம் மருத்துவமனைக்கு எழுதிக்கொடுத்தார்கள். இப்போது அல்ட்ராசவுண்ட் ஸ்கேனுக்குத் தேதி வந்திருக்கிறது. தாளைப் பார்த்ததும் அம்மா, "ஏன்டி, இந்த வயசுல வயித்துல பிள்ளை இருக்கான்னு பார்க்கப் போறாங்களா?" என்று ஒரே சிரிப்பு. சிரித்தாலும் எனக்கும் அதே சந்தேகம்தான். தோளுக்கு எம்ஆர்ஐ தானே எடுப்பார்கள்? செலவு குறைவு என்று இதில் தள்ளிவிடுகிறார்களா? மெடிசேவில், அதாவது சிங்கப்பூரில் நமக்கிருக்கும் மருத்துவச் சேமிப்புக் கணக்கில், கழிக்கலாமா?

ஸ்கேன்_அறை_ஆள்:
இந்த வேலையில்தான் பல வருடமாக இருக்கிறேன். உங்கள் அம்மா கேட்டதை எங்கள் அறையில் வாரம் ஒருவராவது கேட்பார்கள், அதிலும் ஆண்கள் கேட்கும்போது இன்னும் வேடிக்கை.

யாரும் தள்ளிவிடவில்லை, கவலை வேண்டாம். இந்த ஸ்கேன் ஒலியை உள்ளே அனுப்பித்தான் படம் பிடிக்கிறது. வயிற்றுக்கு 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண் உள்ள ஒலி, ஆழமாகப் போகும், ஆனால் படம் அவ்வளவு கூர்மையாக வராது. தோளுக்கு வேறு கருவிமுனை, பெரும்பாலும் 10க்கு மேல். சில சென்டிமீட்டர்தான் இறங்கும் என்றாலும் தசைநாண் (தசையை எலும்போடு இணைப்பது) நார் நாராகத் தெரியும். அதோடு எம்ஆர்ஐயில் அசையாமல் படுத்திருக்க வேண்டும், இங்கே நாங்கள் "கையைத் தூக்குங்கம்மா, பின்பாக்கெட்டில் கை வைப்பது போல் வையுங்க" என்று சொல்லிச் சொல்லி எந்த இடத்தில் மாட்டுகிறது என்று அசையும்போதே பார்ப்போம். தசைநாண் முழுதாகக் கிழிந்திருந்தால் கண்டுபிடிப்பதில் இதுவும் எம்ஆர்ஐயும் ஏறக்குறைய சமம். எலும்புக்குள் இருப்பதும் மூட்டின் உள்ளாழத்தில் இருப்பதும் இதில் தெரியாது, எலும்பின் மேற்பரப்பில் பட்டதுமே ஒலி திரும்பிவிடும். அதற்குத்தான் எம்ஆர்ஐ.

கவுட் (யூரிக் அமிலம் படிந்து வரும் மூட்டுவலி) இருப்பவர்களின் கால் கட்டைவிரலிலும் இதை வைத்துப் பார்க்கிறோம். யூரிக் அமிலப் படிகம் குருத்தெலும்பின் மேல் படிந்திருந்தால் எலும்பின் கோட்டுக்கு மேலே இன்னொரு வெள்ளைக் கோடு தெரியும். 2015இல் வெளிவந்த கவுட் வரையறையிலேயே இந்த இரட்டைக் கோட்டைச் சேர்த்துவிட்டார்கள். ராத்திரியில் விரல் மரத்துப்போகிறவர்களுக்கு மணிக்கட்டில் நரம்பு வீங்கியிருக்கிறதா என்று அதன் குறுக்குவெட்டுப் பரப்பை அளப்போம்.

அம்மாவுக்குத் தளர்வான கையுள்ள சட்டை போட்டு அனுப்புங்கள். ஜெல் சில்லென்று இருக்கும், அவ்வளவுதான்.

சாத்தே_பிரியன்:
என் கதையையும் கேளுங்கள். ஈஸ்ட் கோஸ்ட்டில் நண்பர்களோடு பார்பிக்யூ போட்டபோது சாத்தே (இறைச்சித் துண்டுகளைக் கோத்துச் சுடுவது) செருகும் மூங்கில் குச்சி உள்ளங்கையில் ஏறி ஒடிந்துவிட்டது. ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்து "உள்ளே ஒன்றுமில்லை" என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். மரமும் மூங்கிலும் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது என்பது எனக்கு அப்போது தெரியாது, அவர்களுக்காவது தெரிந்திருக்க வேண்டாமா! இரண்டு வாரத்தில் சீழ் வைத்துவிட்டது. வேறிடத்தில் ஸ்கேன் வைத்ததும் திரையில் சின்னதாக ஒரு வெள்ளைக் கோடு, அதற்குக் கீழே கறுப்பு நிழல், சுற்றிலும் கறுப்பாகச் சீழ். 9 மில்லிமீட்டர் என்று அளந்து, தோலில் பேனாவால் குறி போட்டு, அந்த இடத்திலேயே கீறி எடுத்தார்கள். குப்பியில் போட்டு வைத்திருக்கிறேன், மனைவி தூக்கிப்போடச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.

இரவுப்பணி_தாதி:
நுரையீரலை விட்டுவிட்டீர்களே! காற்றுக்குள் இந்த ஒலி போகாது, அதனால் நுரையீரலுக்கு ஸ்கேன் உதவாது என்றுதான் ரொம்ப நாள் எல்லோரும் நினைத்திருந்தார்கள். பிரெஞ்சு மருத்துவர் டேனியல் லிக்டன்ஸ்டைன் திரையில் குப்பை மாதிரி தெரிவதையே வைத்து நோயைப் படிக்கலாம் என்று காட்டினார். மூச்சுத்திணறலோடு வருபவர்களுக்கான அவருடைய முறை 2008இல் வெளிவந்தது. நுரையீரலில் நீர் கோத்திருந்தால் மேலிருந்து கீழ்வரை வால் வைத்த மாதிரி வெள்ளைக் கோடுகள் இறங்கும். நெஞ்சுக்கூட்டுக்குள் காற்று கசிந்துவிட்டால் மூச்சுக்கு மூச்சு நுரையீரல் நெஞ்சுச் சுவரை ஒட்டி வழுக்குகிற அசைவு திரையில் தெரியாமல் போகும். நடுராத்திரி மூன்று மணிக்கு, எக்ஸ்ரே அறைக்குத் தள்ளிக்கொண்டு போக முடியாத நோயாளிக்குக் கட்டில் பக்கத்திலேயே இதைப் பார்த்துவிடலாம்.

இன்னொன்று, 50 தாண்டியவருக்குப் புதிதாக நெற்றிப்பொட்டில் வலி, மெல்லும்போது தாடை வலி என்றால் அந்த இடத்துத் தமனியையும் ஸ்கேன் செய்வார்கள். சுவர் வீங்கியிருந்தால் ரத்த ஓட்டத்தைச் சுற்றிக் கறுப்பு வளையம் தெரியும். கவனிக்காமல் விட்டால் பார்வையே போகலாம், அதனால் இதற்கெல்லாம் தேதி வாங்கிக் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே ஓடுங்கள்.

பிடோக்_பெரிசு:
எல்லாம் சரி, கருவியைப் பிடிக்கிற கையைப் பொறுத்தது என்பதை யாரும் சொல்லவில்லையே. என் தோளை ஓரிடத்தில் பார்த்துக் கிழிசல் என்றார்கள், இன்னோரிடத்தில் வெறும் வீக்கம் என்றார்கள். தசைமூட்டு ஸ்கேன் வழக்கமாக எடுக்கிறவர்களிடம் போங்கள். மெடிசேவ் கேட்டீர்களே தங்கச்சி, நோயைக் கண்டுபிடிக்க மருத்துவர் எழுதிய ஸ்கேன் என்றால் கழிக்கலாம், வருட வரம்பு உண்டு, பதிவு செய்யும்போதே கவுண்டரில் கேட்டுவிடுங்கள்.

யீஷுன்_வாசி:
எல்லோருக்கும் நன்றி. நேற்று எடுத்தாயிற்று, இருபது நிமிடம்கூட ஆகவில்லை. தசைநாண் பாதி கிழிந்திருக்கிறதாம், புடவை முந்தானையில் நூல் பிரிந்த மாதிரி இருக்கிறது என்று திரையைப் பார்த்து அம்மாவே சொல்லிவிட்டார். இப்போதைக்கு அறுவை வேண்டாம், பிசியோ போகச் சொல்லியிருக்கிறார்கள். ஸ்கேன் எடுத்த பெண்ணிடம் "ஆணா, பெண்ணாம்மா?" என்று கேட்டுத்தான் எழுந்திருக்கிறார், அந்தப் பெண்ணும் முகத்தில் சிரிப்பே இல்லாமல் "தோள்பட்டை ஆன்ட்டி" என்றதாம். மிளகாய்த்தூள் டப்பா கீழ்த்தட்டுக்கு வந்துவிட்டது.