டி ஆன்டிஜென் பிடித்தாலே டிஎன்ஏ திறந்துவிடுமா?

செமினார்_பயம்:
செமினாரில் எஸ்வி40 என்ற குரங்கு வைரஸின் டிஎன்ஏ எப்படி நகலெடுக்கப்படுகிறது என்று பேச வேண்டும். 5,243 அடியிணைகள் கொண்ட வட்ட டிஎன்ஏ, ஒரே ஒரு ஆரிஜின் (நகலெடுப்பு தொடங்கும் இடம்), அதில் நான்கு ஜிஏஜிஜிசி வரிசைகள், அங்கே லார்ஜ் டி ஆன்டிஜென் என்ற வைரஸ் புரதம் போய் உட்காரும், இதுவரை சரி. அப்புறம் "இழைகள் பிரிகின்றன" என்று நோட்ஸ் ஒரே வரியில் தாண்டிவிடுகிறது. எப்படித்தான் பிரிகின்றன? இத்தனை வேலையையும் ஒரே புரதமா பார்க்கிறது?

பழைய_பிப்பெட்:
உட்காருவது வேறு, திறப்பது வேறு. ஜிஏஜிஜிசியை அடையாளம் காண்பது டி ஆன்டிஜெனில் தோராயமாக 131 முதல் 260 வரையிலான அமினோ அமிலப் பகுதி. அதை மட்டும் தனியாக எடுத்துப் போட்டாலும் டிஎன்ஏவைப் பிடிக்கும், ஆனால் திறக்காது. முழுப் புரதத்தோடு, செல்லின் எரிபொருள் மூலக்கூறான ஏடிபியும் இருந்தால்தான் ஆறு ஆறாகச் சேர்ந்து எதிரெதிரே இரண்டு வளையங்கள் உருவாகும். அப்போது ஆரிஜினின் ஒரு பக்கம் பாலிண்ட்ரோமில் (இரண்டு இழைகளிலும் ஒரே மாதிரி படிக்கிற வரிசையில்) சுமார் 8 அடியிணைகள் பிரிகின்றன, மறுபக்கம் ஏடி மிகுந்த பகுதி முறுக்குத் தளர்கிறது. பொட்டாசியம் பெர்மாங்கனேட் போட்டுப் பார்த்தால் ஜோடி இழந்த தைமின்கள் மாட்டிக்கொள்ளும், அப்படித்தான் இது தெரியவந்தது.

செமினார்_பயம்:
அப்போ ஏடிபியை உடைக்கிற சக்தியில்தான் திறக்கிறதா?

பழைய_பிப்பெட்:
இல்லை, எல்லாரும் சறுக்குகிற இடம் இதுதான். அந்த முதல் 8 அடியிணைகளுக்கு ஏடிபி ஒட்டினாலே போதும், உடையாத போலி ஏடிபியிலும் நடக்கும். அதற்குப் பிறகு ஹெலிகேஸாக (இழை பிரிக்கும் நொதியாக) இழைகளைப் பிரித்துக்கொண்டே போவதற்குத்தான் உடைக்க வேண்டும். வளையத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஹேர்பின் (கொண்டை ஊசி போல் மடிந்த புரதப் பகுதி) நுனியில், 513-ஆம் இடத்து ஹிஸ்டிடின் டிஎன்ஏவைத் தொட்டபடி ஏடிபிக்கு ஏற்ப நகர்கிறது.

குரங்குசெல்:
"ஒரே புரதம்" என்று செமினாரில் சொல்லிவிடாதீர்கள், பிடித்துக்கொள்வார்கள். ஆர்பிஏ (பிரிந்த ஒற்றை இழையைப் பிடித்துவைக்கும் புரதம்), டோப்போஐசோமரேஸ் (முறுக்கை விடுவிக்கும் நொதி), பாலிமரேஸ் ஆல்ஃபா-பிரைமேஸ் (புது இழையைத் தொடங்கிவைக்கும் நொதி) எல்லாம் செல்லுடைய சொத்து, டி ஆன்டிஜென் கூப்பிட்டு வேலை வாங்குகிறது, அவ்வளவுதான். அதனால்தான் எஸ்வி40 குரங்குச் செல்லில் பெருகுகிறது, எலிச் செல்லில் பெருகுவதில்லை. எலியின் பாலிமரேஸ் ஆல்ஃபா-பிரைமேஸ் இதற்கு ஒத்துவராது. இன்னொன்று, டி ஆன்டிஜெனின் 124-ஆம் த்ரியோனினில் செல்லின் சிடிகே என்ற நொதி பாஸ்பேட் ஏற்றாவிட்டால் ஆரிஜினில் உட்கார்ந்தாலும் வேலை ஓடாது. 1984-இல் லீ, கெல்லி இருவரும் குரங்குச் செல் சாற்றில் டி ஆன்டிஜெனைச் சேர்த்து இந்த நகலெடுப்பைச் சோதனைக் குழாயிலேயே நடத்திக் காட்டினார்கள், அந்த ஆய்விலிருந்து ஆரம்பித்தால் பேச்சு தானாக ஓடும்.

மரு_ஆராய்ச்சி:
எச்பிவியையும் (மனிதப் பாப்பிலோமா வைரஸ்) இதோடு ஒரே ஸ்லைடில் போட்டுவிடாதீங்க. அங்கே ஹெலிகேஸ் இ1 தானாக ஆரிஜினை அவ்வளவு துல்லியமாகக் கண்டுபிடிக்காது, இ2 என்ற இன்னொரு வைரஸ் புரதம்தான் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டுவிட்டு விலகிக்கொள்ளும்.