ஆறாம் வகுப்பில் அஞ்சு பள்ளிப் பிள்ளைகள்: ஜூனில் முதல் இரண்டு வாரத்தை எப்படி நடத்துவது?

தேயிலைமேடு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நீலகிரி மாவட்டம் கோத்தகிரி வட்டத்தில் அரசு உயர்நிலைப் பள்ளி. வருகிற ஜூனில் ஆறாம் வகுப்புக்கு நான்தான் வகுப்பாசிரியை. மொத்தம் 34 பிள்ளைகள், அஞ்சு தொடக்கப் பள்ளிகளிலிருந்து வருகிறார்கள். ஹட்டிப் (படகர் ஊர்) பள்ளியிலிருந்து 12, தேயிலை எஸ்டேட் பள்ளியிலிருந்து 9, இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் குடியிருப்புப் பள்ளியிலிருந்து 6, இருளர் ஊர்ப் பக்கத்துப் பள்ளியிலிருந்து 4, சோலையோரம் இருக்கிற ஓராசிரியர் பள்ளியிலிருந்து 3. வீட்டில் படுகு (படகர் மொழி) பேசுகிறவர்கள், தமிழ், மலையாளம், இருளம் பேசுகிறவர்கள் என்று கலவை. எஸ்டேட் வேலைக்கு வந்த ஜார்க்கண்ட் குடும்பத்துப் பிள்ளைகளும் இரண்டு பேர்.

ஊர் வாரியாக உட்காருவது, ஊர் வாரியாகச் சாப்பிடுவது, ஜூலைக்குள் ஒரே அறையில் அஞ்சு வகுப்பு நடக்கிற மாதிரி ஆகிவிடுவது, இதுதான் வழக்கமாக நடக்கிறது. பெற்றோர் கூட்டத்துக்கு ஆறேழு பேர் வந்தால் அதிகம். முதல் நாள் பலூன் கட்டி மிட்டாய் கொடுப்பதெல்லாம் அன்றோடு சரி. உட்காரும் ஏற்பாடு, காலை நேரம், பெற்றோர் இந்த மூன்றுக்கும் நாள் கணக்கோடு, அளவு கணக்கோடு யோசனை சொல்லுங்கள்.

கூடலூர் கணக்கு வாத்தியார் எழுதியது:

டீச்சர், உட்காரும் ஏற்பாட்டை ஜூன் முதல் நாளுக்கு முன்னாடியே தாளில் போட்டுவிடுங்கள். அன்றைக்குக் காலையில் யோசித்தால் நடக்காது. வாசலிலிருந்து கும்பலாக வருகிற பிள்ளைகள் கும்பலாகவே பெஞ்சைப் பிடித்துவிடுவார்கள். அப்புறம் எழுப்பி மாற்றினால் அது தண்டனை மாதிரி ஆகிவிடும்.

எல்லாரையும் கலைத்துத் தனித்தனியாக உட்கார வைப்பதுதான் பலரும் செய்கிற தப்பு. ஓராசிரியர் பள்ளியிலிருந்து வருகிற பிள்ளைக்குப் பழகின முகம் ஒன்றுகூடப் பக்கத்தில் இல்லையென்றால் இரண்டாவது வாரமே வருகை குறையும். பழங்குடிப் பிள்ளைகள் ஆறாம் வகுப்பில் நின்றுபோவதற்கு இந்தத் தனிமையும் ஒரு காரணமாகலாம். அதனால் பிள்ளையைத் தனியாக நகர்த்தாதீர்கள், சோடியாக நகர்த்துங்கள்.

உங்கள் எண்ணிக்கைக்கே போட்டுப் பார்க்கிறேன். 12 பேர் 6 சோடி. 9 பேர் 3 சோடியும் ஒரு மூவரும். 6 பேர் 3 சோடி. 4 பேர் 2 சோடி. 3 பேர் ஒரு மூவர். ஆக 14 சோடி, 2 மூவர். ஹட்டிப் பள்ளியின் 6 சோடியையும் ஆறு குழுக்களுக்குப் பிரித்துவிடுங்கள். அந்த ஆறு குழுக்களிலும் இன்னொரு சோடி வேறு பள்ளியிலிருந்து: எஸ்டேட் 3, குடியிருப்பு 2, இருளர் ஊர்ப் பக்கம் 1. மிச்சமிருக்கிற இரண்டு சோடிகளை இரண்டு மூவரோடு சேருங்கள். நாலு பேர் குழு 6, அஞ்சு பேர் குழு 2. மொத்தம் 34 சரியாக வரும். எந்தக் குழுவிலும் யாரும் ஒற்றையாக இல்லை, எந்தக் குழுவும் ஒரே ஊராகவும் இல்லை.

மூன்று வாரம் அப்படியே இருக்கட்டும். அதற்கு முன்னால் தொடவேண்டாம். வாரா வாரம் மாற்றினால் பிள்ளைகள் பக்கத்தில் இருக்கிறவரிடம் பழக மெனக்கெட மாட்டார்கள், எப்படியும் திங்கட்கிழமை மாறிவிடும் என்று இருந்துவிடுவார்கள். மூன்று வாரம் முடிந்ததும் ஒவ்வொரு குழுவிலும் ஒரு சோடி மட்டும் அடுத்த குழுவுக்குப் போகணும்.

காலைவட்டம் எழுதியது:

காலை நேரத்துக்கு வருகிறேன். இறைவணக்கம் முடிந்ததும் பத்து நிமிடம் போதும்.

34 பேரை ஒரே வட்டமாக நிறுத்த நினைக்காதீர்கள். ஆளுக்கு அரை மீட்டர் வைத்தாலும் சுற்றளவு 17 மீட்டர், குறுக்களவு ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் வரும். இருபதடிக்கு இருபதடி அறையில் பெஞ்சு எல்லாவற்றையும் வெளியே எடுத்தால்தான் முடியும். பெஞ்சு இழுக்கிற சத்தத்திலேயே அஞ்சு நிமிடம் போய்விடும். 17 பேர் உள்வட்டம், 17 பேர் வெளிவட்டம், முகத்துக்கு முகம். அறையின் நடுவில் ஏறக்குறைய நாலு மீட்டர் இடம் போதும். நின்றபடியே பேசட்டும். ஜூன் மாதச் சிமெண்டுத் தரையில் உட்காரவைத்தால் பிள்ளைகளின் கவனம் குளிரில்தான் இருக்கும்.

ஒரு கேள்வி, இரண்டு பேருக்கும் சேர்த்து 40 விநாடி. கைதட்டினால் உள்வட்டம் மட்டும் ஒரு இடம் நகரணும். முதல் இரண்டு நாள் ஆறு ஆறு நகர்வு, மூன்றாம் நாள் அஞ்சு. மூன்றே நாளில் உள்வட்டத்துப் பிள்ளை ஒவ்வொன்றும் வெளிவட்டத்துப் பதினேழு பேரையும் பார்த்துவிடும். உள்வட்டத்துக்காரர்கள் தங்களுக்குள் பார்த்திருக்க மாட்டார்கள் இல்லையா, அதனால் நாலாம் நாள் இரண்டு வட்டத்திலும் பாதிப் பாதியை மாற்றிப் போடுங்கள்.

கேள்வியில் கவனம் வேண்டும். "அப்பா என்ன வேலை?", "லீவுக்கு எங்கே போனே?" இரண்டும் கூடாது. மே மாதம் முழுக்க அம்மாவோடு கொழுந்து பறித்த பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் மைசூர் பயணத்தைக் கேட்டுவிட்டு என்ன சொல்லும்? "வீட்டிலிருந்து பள்ளிக்கு வர வழியில் உனக்குப் பிடிச்ச இடம் எது?", "உனக்குச் செய்யத் தெரிஞ்ச சமையல் என்ன?", "எந்தச் சத்தம் கேட்டா பயம்?" இப்படிக் கேளுங்கள். இவற்றுக்கு எல்லாப் பிள்ளையிடமும் பதில் உண்டு. சொல்ல விருப்பமில்லை என்றால் "அப்புறம்" என்று சொல்லலாம், யாரும் வற்புறுத்தக் கூடாது.

பெயர்: எமிஸ் (கல்வித் துறையின் இணையவழி மாணவர் பதிவு) பதிவில் இருக்கிற பெயரும் வீட்டில் கூப்பிடுகிற பெயரும் மலையில் பெரும்பாலும் வேறு வேறு. முதல் நாளே ஒவ்வொரு பிள்ளையிடமும் போய், "உன்னை எப்படிக் கூப்பிடணும்? நீயே ஒரு தரம் சொல்லு" என்று கேட்டு, சொன்னபடியே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பெயர் அட்டைக்குத் தினசரி காலண்டரின் பின்னட்டை நல்லது, மடித்து நிறுத்தலாம். ஸ்கெட்ச் பேனா வேண்டாம், மூடுபனி ஈரத்தில் மை ஊறிவிடும். மெழுகுக் கிரயான்தான். சுவரில் செல்லோ டேப் ஒட்டினால் மூன்றாம் நாள் கீழே கிடக்கும். கயிறு கட்டித் துணிக் கிளிப்பில் மாட்டுங்கள்.

மலைப்பாதை எழுதியது:

மேலே சொன்னதெல்லாம் அறைக்குள். எங்கள் மலையில் பிள்ளைகள் ஒருவரையொருவர் நம்பப் பழகுவது நடைபாதையில்தான். முதல் வாரமே வழிக்குழு போட்டுவிடுங்கள்.

பெரிய சார்ட்டில் பள்ளியை நடுவில் போட்டு, பிள்ளைகளையே பாதை வரையச் சொல்லுங்கள். பஸ் நிறுத்தம், கோயில், எடை போடுகிற ஷெட், ஓடை, கரடி வருகிற இடம், காட்டெருமை நிற்கிற வளைவு எல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். ஆசிரியருக்குத் தெரியாத ஒன்றை அந்த ஓராசிரியர் பள்ளிப் பிள்ளைகள் மூன்று பேரும் வகுப்புக்குச் சொல்லித் தருகிற நேரம் அது. அவசரப்படுத்தாமல் ஒரு முழுப் பாடவேளை ஒதுக்குங்கள்.

பிறகு பாதை வாரியாகப் பிரித்து, ஆறிலிருந்து பத்து வரை எல்லா வகுப்பையும் கலந்து குழு. மூத்தவரை முன்னால் விடாதீர்கள். முன்னால் நடக்கிறவர் வேகமாகப் போய்விடுவார், சின்னது பின்தங்கும். மூத்தவர் கடைசியில், அடுத்த மூத்தவர் முதலில், நடுவில் சின்னப் பிள்ளைகள். கேட்டில் தலை எண்ணிவிட்டுத்தான் கிளம்பணும். மழைக்கோட்டின் தலைமறைப்பு காதை மூடும் என்பதால் ஆளுக்கொரு விசில் நல்லது.

காட்டெருமை நின்றால் கல்லெறியக் கூடாது, ஓடக் கூடாது, பக்கத்தில் போய்ப் போன் எடுக்கக் கூடாது. வந்த வழியே மெதுவாகப் பின்வாங்கி, அது கடக்கும்வரை காத்திருக்கணும். தேயிலைச் செடிக்குள்ளே போகிற குறுக்குவழி கிட்டம்தான், ஆனால் சிறுத்தையும் கரடியும் படுத்திருந்தால் அஞ்சடி தூரத்தில்கூடத் தெரியாது. அதனால் சாயங்காலம் ரோட்டு வழிதான். இருட்டுக்கு முன் வீடு சேர முடியாத பாதைக்காரர்களைச் சிறப்பு வகுப்பு என்று நிறுத்திவைக்காதீர்கள்.

மழைக்கோட்டைப் பற்றி ஒன்று. கோத்தகிரிப் பக்கம் தொட்டபெட்டா மலை மழையை மறைப்பதால் ஜூனில் பெரும்பாலும் தூறல்தான், ஐப்பசி கார்த்திகையில்தான் கொட்டும். ஆனாலும் கயிறு இப்போதே வேண்டும். 34 கோட்டு, ஒன்றுக்கு 20 சென்டிமீட்டர் என்று ஏறக்குறைய ஏழு மீட்டர் வரும். வராந்தாவில் நாலு நாலு மீட்டராக இரண்டு நைலான் கயிறு, நாலரை அடி உயரத்தில். கோட்டின் உட்பக்கம் மார்க்கரில் எண். மூலையில் குவித்துவைத்தால் கோட்டு மாறிப் போகும், "அந்த ஊர்க்காரன் எடுத்துட்டான்" என்று பேச்சு கிளம்பும். ஊர்ச் சண்டை பெரும்பாலும் இப்படி ஒரு கோட்டிலோ பென்சில் பெட்டியிலோதான் தொடங்குகிறது.

சத்துணவு வரிசை எழுதியது:

சாப்பாட்டு நேரத்தை விட்டுவிட்டீர்களே. வீட்டுச் சாப்பாடு கொண்டு வருகிறவர்கள் ஒரு பக்கம், சத்துணவு சாப்பிடுகிறவர்கள் ஒரு பக்கம் என்று பிரிந்தால் காலையில் செய்தது அத்தனையும் வீண். வகுப்பறைக் குழு அப்படியே சாப்பாட்டுக் குழு என்று முதல் நாளிலிருந்தே வைத்துவிடுங்கள். வீட்டுச் சாப்பாடு உள்ள பிள்ளைக்கும் ஒரு தட்டு, அதில் கொட்டித்தான் சாப்பிடணும். தட்டு கழுவ இரண்டு குழாய்தான் என்றால், ஆளுக்கு 40 விநாடி வைத்து 34 பேருக்குப் பதினொன்றரை நிமிடம் ஆகும். குழு வாரியாக அனுப்புங்கள், இல்லையென்றால் குழாயடியில் தள்ளுமுள்ளுதான். பரிமாற உதவும் முறை எல்லாக் குழுவுக்கும் சுற்றி வரணும், யாரையும் அதிலிருந்து விலக்கக் கூடாது.

இன்னொன்று, இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். ஜூனில் உதவித்தொகைப் படிவம், கம்பளிச் சட்டை, மழைக்கோட்டு எல்லாம் வரும். "எஸ்.டி. பிள்ளைகள் எழுந்து நில்லுங்க", "சத்துணவு சாப்பிடறவங்க மட்டும் கையைத் தூக்குங்க" என்று வகுப்பு நடுவில் சொல்லவே கூடாது. பட்டியல் எமிஸில் இருக்கிறது, பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டிலும் இருக்கிறது. பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுப் படிவத்தை உறையில் போட்டுக் கொடுங்கள்.

பெரட்டுக்களம் எழுதியது:

பெற்றோர் ஏன் வருவதில்லை என்றால் ஜூன் கொழுந்து சீசன். ஒரு நாள் விட்டால் அன்றைய கூலியும் போகும், கூடுதல் கிலோவுக்கான காசும் போகும். சொந்தத் தோட்டம் வைத்திருக்கிற ஹட்டிக்காரர்களுக்கும் இலை வண்டி வந்து எடை போட்டு முடியும்வரை கை ஓயாது. பகல் இரண்டு மணிக்குப் பள்ளியில் கூட்டம் போட்டுவிட்டு "அக்கறையில்லாத பெற்றோர்" என்பது நியாயமில்லை.

பள்ளி அவர்களிடம் போகட்டும். இரண்டு வாரத்தில் அஞ்சு இடம். ஹட்டியில் கோயில் முன்னால், எஸ்டேட்டில் பெரட்டுக்களத்தில் (காலையில் வேலையாட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடுகிற இடம்), இருளர் ஊரில் மூப்பரிடம் (ஊர்த் தலைவர்) முதலில் சொல்லிவிட்டு. எஸ்டேட் என்றால் இரண்டு நாள் முன்பே நிர்வாகத்திடம் சொல்லி அனுமதி வாங்குங்கள். எடை முடிந்த பிறகு, 25 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். ஆசிரியர் இரண்டு பேர் போகணும், ஒருவர் பேச ஒருவர் எழுத. அந்தந்தப் பிள்ளையைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்லித் தொடங்குங்கள். அதற்காகவே முதல் வாரம் பிள்ளைக்கு ஒரு வரி வீதம் குறிப்பு எழுதிவைக்கணும். வருகை குறைவு, நோட்டு வாங்கவில்லை என்று ஆரம்பித்தால் அடுத்த தடவை ஆள் வராது. பணம் கேட்கவே கூடாது.

தகவலை வாட்ஸப்பில் எழுத்தாகப் போடாதீர்கள், முக்கால் நிமிடக் குரல் செய்தியாகப் போடுங்கள். படுகு தெரிந்த ஆசிரியர் படுகில் ஒன்று, இந்தி தெரிந்தவர் இந்தியில் ஒன்று. சிக்னல் இல்லாத லைன் வீடுகளுக்கு (எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பு)ப் பிள்ளை கையால் எழுதிய சீட்டு.

கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். ஒரே ஊர்க்காரர்களால் அது நிரம்பிவிடாமல் அஞ்சு ஊருக்கும் ஆள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஜார்க்கண்ட் பிள்ளைகளிடம் மாற்றுச் சான்றிதழ் இல்லையென்று சேர்க்கையைத் தள்ளிப்போடாதீர்கள், எட்டாம் வகுப்புவரை அதற்காகத் தாமதிக்கக் கூடாது என்பதும் அதே 2009 சட்டம்தான்.

பள்ளியில் கூட்டம் வைத்தால் டீ சத்துணவு மைய டம்ளரில். நம் மாவட்டத்தில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பது தெரிந்ததே, தண்ணீருக்கும் குடமும் டம்ளரும்தான்.

தேயிலைமேடு எழுதியது:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. குழுக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். இரண்டு சந்தேகம். ஓராசிரியர் பள்ளி மூவரில் ஒரே ஒரு பெண் பிள்ளை. அந்தக் குழுவில் யாரைச் சேர்ப்பது? இன்னொன்று, ஒரு பிள்ளை தன் மொழியில் பேசினதும் மற்றவர்கள் சிரித்தால் என்ன செய்வது?

கூடலூர் கணக்கு வாத்தியார் எழுதியது:

அந்த மூவரோடு சேர்க்கிற சோடியில் இரண்டு பேரும் பெண் பிள்ளைகளாக இருக்கட்டும். குடியிருப்புப் பள்ளிச் சோடிகளில் பார்த்து எடுங்கள். ஜார்க்கண்ட் பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரே சோடியாக இருக்கட்டும், கூட வாயாடி ஒரு சோடி.

சிரிப்பைத் திட்டி நிறுத்த முடியாது, அந்தச் சொல்லையே பாடமாக்குங்கள். தினம் ஒரு பொருள், கயிற்றில் ஒரு அட்டை, எல்லா மொழியிலும். யானைக்குப் படுகில் ஆனெ, மலையாளத்தில் ஆன, இந்தியில் ஹாத்தி. யானை, ஆனெ, ஆன மூன்றும் எவ்வளவு கிட்ட இருக்கின்றன என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். தண்ணீருக்குப் படுகில் நீரு, இந்தியில் பானி, மலையாளத்தில் வெள்ளம். "வெள்ளம் குடிக்கணும்" என்று ஒரு பிள்ளை சொன்னால் வகுப்பு கட்டாயம் சிரிக்கும். அந்த இடத்தில் நிறுத்தி, நாம் மழைப் பெருக்குக்கு வைத்திருக்கிற சொல்லை அவர்கள் குடத்துக்கும் வைத்திருக்கிறார்கள் என்று காட்டி, அட்டையை அந்தப் பிள்ளை கையாலேயே எழுதவைத்து மாட்டுங்கள். உச்சரிப்பை மற்றவர்களுக்குச் சொல்லித் தருவதும் அதே பிள்ளைதான். ஆனால் முதல் மாதத்தில் பழங்குடி நடனம், பாரம்பரிய உடை என்று மேடையேற்றாதீர்கள், பழகாத கூட்டத்தில் அது பிள்ளையைக் காட்சிப்பொருள் ஆக்கிவிடும்.

மூன்று வாரம் என்றேனே, அதைப் பள்ளி நாளாக எண்ணுங்கள்: பதினைந்து நாள். எங்கள் கூடலூர், பந்தலூர்ப் பக்கம் மழைக்கு அடிக்கடி விடுமுறை விடுவார்கள். இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விழுந்தால் திரும்பி வருகிற காலையில் முதல் நாள் கேள்வியிலிருந்து வட்டத்தை மறுபடி ஓட்டுங்கள், பாடத்தை இரண்டாம் பாடவேளைக்குத் தள்ளிவிடலாம்.