காலேஜ் திறக்குது, மாடி போர்ஷனை பசங்களுக்கு விடலாமா? தெருவே ரெண்டா பேசுது

மாடிப்போர்ஷன்:
பழைய வண்ணாரப்பேட்டை, தியாகராயா காலேஜ் மெட்ரோ பக்கம். மாடியில ரெண்டு ரூம், கிச்சன், ஒரே பாத்ரூம். கீழே நாங்க நாலு பேர். தரைக்குக் கீழ 3,000 லிட்டர் தண்ணித் தொட்டி (சம்ப்), மேலே 500 லிட்டர் டேங்க். பசங்க ஏழு பேரா வர்றோம்னு கேக்குறாங்க. பக்கத்து வீட்டுல தண்ணி, சாக்கடை, மொட்டை மாடி சத்தம்னு பயப்படுறாங்க. முனையில டிபன் கடை அக்காவும் ஜெராக்ஸ் கடைக்காரரும் கண்டிப்பா விடுங்கன்றாங்க. எத்தனை பேர் வரைக்கும் தாங்கும்? என்னென்ன எழுதி வாங்கணும்?

குழாய்க்காரன்:
ஏழு பேர் வேண்டாம் சார். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர்னு கணக்கு வைப்பாங்க. கீழ 4, மேல 7ன்னா 1,485 லிட்டர், ரெண்டே நாள்ல சம்ப் காலி. லைன்ல ரெண்டு நாள் தண்ணி வரலைன்னா லாரிக்கு நிக்கணும். மேல நாலு பேர்னா 1,080, ரெண்டே முக்கால் நாள் வரும். பாத்ரூம் கணக்கும் அதேதான். ஆளுக்கு இருபது நிமிஷம்னா நாலு பேருக்கே காலையில ஒரு மணி நேரத்துக்கு மேல ஆயிடும்.

500 லிட்டர் டேங்க்குக்கு, நிரம்பினதும் மோட்டாரைத் தானா நிறுத்துற ஃப்ளோட் சுவிட்ச் போட்டுடுங்க. மோட்டாரைப் போட்டுட்டு பஸ்ஸுக்கு ஓடிட்டா தண்ணி வழிஞ்சு பக்கத்து வீட்டுச் சுவர்லதான் ஊறும். சண்டை அங்கதான் ஆரம்பிக்கும்.

அதைவிட முக்கியம் சாக்கடை. நம்ம பக்கம் சுவரோட சுவர் ஒட்டின வீடுங்க, நிறைய இடத்துல ரெண்டு வீட்டுக்கும் ஒரே சாக்கடைத் தொட்டி (சேம்பர்). மேல சிங்க்ல ஊத்தின எண்ணெயும் சோத்துக் கஞ்சியும் நாலு இன்ச் பைப்போட வளைவுல கெட்டியாகி அடைக்கும். பொங்கி வர்றது பள்ளமா இருக்கிற வீட்டு வாசல்ல. அவங்க பயம் நியாயமான பயம். சிங்க்லயும் பாத்ரூம்லயும் குப்பையைத் தடுக்கிற சல்லடை (ஜாலி) மாட்டுங்க, பொரிச்ச எண்ணெயை ஊத்தக் கூடாதுன்னு சொல்லிடுங்க. சாவி குடுக்கிறதுக்கு முன்னாடி சேம்பரைத் திறந்து சுத்தம் பண்ணுங்க. தெரு லைன்ல அடைப்புன்னா மெட்ரோ வாட்டர் 1916. காம்பவுண்டுக்கு உள்ளன்னா நம்ம செலவு.

அக்ரிமெண்ட்_அண்ணா:
வாய்ப்பேச்சுல விடாதீங்க. 2017 வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில இருக்கு. எழுத்துல ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகார அமைப்புல பதிவு பண்ணணும். ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதாத வரைக்கும் மூணு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் கேக்க முடியாது. நாலு பேர் பேரையும் போடுங்க. ஒருத்தர் பேர்ல மட்டும் போட்டா, அவர் பாதியில காலி பண்ணினதும் மத்தவங்க யாருன்னே தெரியாம போயிடும். தங்குறவங்க எண்ணிக்கை, விருந்தாளி எத்தனை நாள், மொட்டை மாடிக்கு ராத்திரி எத்தனை மணி வரைக்கும் போகலாம், வண்டி எத்தனை, எல்லாம் அதுலயே இருக்கட்டும். ரெண்டு வண்டிக்கு மேல அந்தச் சந்துல நின்னா ஆம்புலன்ஸ் திரும்பாது.

கரெண்ட் ஒரே மீட்டர்னா கவனம். ரெண்டு மாசத்துல 500 யூனிட் தாண்டினா 101லிருந்து 200 வரைக்கும் இருக்கிற குறைஞ்ச விலையும் போயிடும். அந்தச் சுமை யார் மேலன்னு ஒவ்வொரு பில்லுக்கும் தகராறு வரும். மாடிக்குத் தனி மீட்டர் வாங்கிடறது நல்லது.

பெண் பிள்ளைங்கன்னா தொல்லை இல்லைன்னு கட்டில் கணக்குல ஹாஸ்டலா நடத்தினா, பெண்கள், குழந்தைகள் விடுதிகளுக்கான 2014 சட்டப்படி கலெக்டர்கிட்ட லைசென்ஸ் வாங்கணும். வீடா வாடகைக்கு விடறது வேற.

மூணாவது_சந்து:
எல்லாரும் தண்ணி, சத்தம்தான் பேசறீங்க. ஏழு பசங்க சேர்ந்து தர்ற வாடகையை ஹார்பர்ல லோடு ஏத்தறவரோ காசிமேட்டுல மீன் விக்கிற அக்காவோ தர முடியுமா? ஒரு வீட்டுல அந்த ரேட் வந்தா தெரு முழுக்க அதே ரேட் கேப்பாங்க. இங்கயே பொறந்து வளர்ந்த குடும்பங்க எண்ணூர், மணலின்னு தள்ளிப் போகுது. பசங்க மேல எனக்குக் கோபமே இல்ல, வீட்டைத் தலைக்கணக்குல விடறதுதான் தப்பு.

பாரிமுனை_கடை:
அண்ணன் சொல்றது நெஞ்சுல தைக்குது. ஆனா மறுபக்கமும் இருக்கு. 2018ல சட்டக் கல்லூரி பாரிமுனையிலிருந்து பட்டரைபெரும்புதூருக்கும் புதுப்பாக்கத்துக்கும் போச்சு. பாரிமுனைக்கு ஹைகோர்ட்டும் வக்கீல்களும் மிச்சம் இருக்காங்க. வண்ணாரப்பேட்டைக் கடைங்களுக்கு பசங்கதான். அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடை, ஜெராக்ஸ், காலை இட்லி எல்லாம் லீவு மாசத்துல காத்தாடும்.

மாடிப்போர்ஷன்:
நாலு பேர், குடும்பத்துக்குக் கேக்கிற அதே வாடகைன்னு முடிவு பண்ணிட்டேன். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி டாக்டர்) பண்றவங்க நாலு பேரும் கேக்குறாங்க. அவங்களுக்குன்னு வேற ஏதாவது பாக்கணுமா?

குழாய்க்காரன்:
நைட் டூட்டி முடிச்சு நேரங்கெட்ட நேரத்துல வருவாங்க, அதனால கேட் சாவி ஆளுக்கு ஒண்ணு வேணும். பகல்ல தூங்குவாங்க, சத்தம் இருக்காது. ஆனா குளியல் ராத்திரியிலயும் நடக்கும், படுக்கப் போறதுக்கு முன்னாடி டேங்க் நிரம்பி இருக்கணும்.