வட்டப் போர்வை நடுவில் கூம்பிவிட்டது

மலேசியாவின் பட்டர்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். ஒரு முனை குறுகி மறுமுனை விரிந்த 18 பாகை ஆப்பு வடிவ அளவுகோலால் 20 துணித் துண்டுகள் வெட்டி, அம்மாவின் கட்டிலுக்குக் கண்ணை மயக்கும் வட்டப் போர்வை தைக்கிறேன். கறுப்பு, வெள்ளைப் பட்டைகளை முதலில் இணைத்து, அளவுகோலைத் தலைகீழாக மாற்றி மாற்றி வைத்து வெட்டினேன். வட்டம் சுழல்வதுபோலவே தெரிகிறது, பார்க்க அவ்வளவு அழகு! ஆனால் மேசையில் விரித்தால் நடுப்பகுதி தொப்பிபோல் எழும்பி நிற்கிறது.

மூன்று வாரமாக இதே பாடு. ஓரத்தில் கால் அங்குலம் விட்டுத்தான் தைத்தேன். இரண்டு முறை பிரித்துத் தைத்தேன், கஞ்சி போட்டுத் தேய்த்தேன். பாதி வட்டங்களாகப் பிரித்து அருகருகே வைத்தால் நடுமுனைகள் தொடுகின்றன, வெளி ஓரத்தில் ஒரு விரல் இடைவெளி. லிட்டில் இந்தியாவில் வாங்கிய பருத்தித் துணி, மிச்சம் இல்லை.

சகோதரிகளே, எல்லாத் தையலையும் மறுபடி பிரிக்காமல் அந்த ஒரு விரல் இடைவெளியைச் சரிக்கட்ட வழி உண்டா?