1996 இறுதியாட்டம்: பந்து தெரிந்ததா, இல்லையா?

கச்சாய் வீதி:
நல்லூர் இளையவன் என்ற தம்பி நேற்று இங்கே ஒரு முத்தை உதிர்த்திருக்கிறார். "கேபிள் வந்த பிறகுதான் யாழ்ப்பாணம் விளையாட்டைப் பார்க்கத் தொடங்கியது. அதற்கு முன் தொலைக்காட்சித் திரையில் பார்த்தது வெறும் புள்ளிமழை. மிச்சமெல்லாம் பெரியவர்கள் கட்டிய கதை" என்று எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து எனக்கு நித்திரை இல்லை.

தம்பி, 1990 ஜூலையில் கொக்காவில் இராணுவ முகாம் விழும்வரை இலங்கை அரசின் ரூபவாகினி தொலைக்காட்சியை அங்கிருந்த ஒளிபரப்புக் கோபுரத்தின் தயவில்தான் பார்த்தோம். அது போன பிறகு எங்கள் அன்ரனாக்கள் எல்லாம் மேற்கே திரும்பின. கொடைக்கானல் மலையிலிருந்து வந்த தூரதர்சன்தான் எங்கள் விளையாட்டரங்கம். மின்சாரம் இல்லை. பெற்றோல் இல்லை. டோர்ச் பற்றரிகூடத் தடைசெய்யப்பட்ட பொருள். அந்த நிலையிலும் பார்த்தோம்.

1996 மார்ச் 17, லாகூரில் உலகக் கிண்ணக் கிரிக்கெட் இறுதியாட்டம், இலங்கையும் அவுஸ்திரேலியாவும். முந்தைய ஒக்ரோபர் 30 யுத்த இடப்பெயர்வில் யாழ் நகர்ப் பக்கத்து வலிகாமத்துச் சனம் எங்கள் சாவகச்சேரி இருக்கும் தென்மராட்சிக்கு வந்து நிறைந்திருந்த காலம். எங்கள் வளவில் மாமரத்தின் கீழும் குடும்பங்கள் இருந்தன. 14 அங்குலக் கறுப்பு வெள்ளைப் பெட்டி, 12 வோல்ற் கார் பற்றரி, இரண்டு இரும்புக் குழாய்களைப் பொருத்தி உயர்த்திய அன்ரனா. அவுஸ்திரேலியா 241 ஓட்டம். எங்களுக்கு 23 ஓட்டத்தில் இரண்டு விக்கெட் போய்விட்டது. பிறகு அரவிந்த டி சில்வா வந்து ஆட்டமிழக்காமல் 107 அடித்தார். ஒவ்வொரு பந்தையும் பார்த்தேன். பந்து தெளிவாகத் தெரிந்தது. அதைக் கதை என்று சொல்ல உமக்கு என்ன தகுதி?

நல்லூர் இளையவன்:
ஐயா, மதிப்போடுதான் கேட்கிறேன். 1996 உலகக் கிண்ணம் வண்ண உடையிலும் வெள்ளைப் பந்திலும் ஆடப்பட்டது. உங்களிடம் இருந்தது கறுப்பு வெள்ளைப் பெட்டி. திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள். அவற்றுக்குள் ஒரு வெள்ளைப் பந்து. அது உங்களுக்குத் தெளிவாகத் தெரிந்ததா? ஆட்டத்தைப் பார்த்தீர்கள் என்றால் நம்புகிறேன். பந்தைப் பார்த்தீர்கள் என்றால் நம்ப மாட்டேன்.

கச்சாய் வீதி:
பந்து தெரிந்தது. கறுப்பு வெள்ளைப் பெட்டியில் புல்தரை கருஞ்சாம்பலாக விழும். அதன்மேல் வெள்ளைப் பந்து பளிச்சென்று ஓடும். புல்லோடு கலந்து மறைவது டெஸ்ட் ஆட்டத்துச் சிவப்புப் பந்து. இது பார்த்தவனுக்குத் தெரியும். பார்க்காதவன் நிறத்தைப் பற்றிப் பாடம் எடுப்பான்.

அலைநீளம்:
நான் தொலைத்தொடர்புத் துறையில் வேலை செய்தவன், இப்போது ரொறன்ரோவில் இருக்கிறேன். உணர்ச்சியை ஒருபக்கம் வைத்துவிட்டுக் கணக்கைப் பார்ப்போம். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் அளவு உயரம். அவ்வளவு உயரத்திலிருந்து புறப்படும் அலை பூமியின் வளைவைத் தாண்டாமல் ஏறத்தாழ 190 கிலோமீட்டர் வரும். உங்கள் குழாய் 12 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் இன்னும் 14 கிலோமீட்டர் சேரும். சாவகச்சேரிக்கும் கொடைக்கானலுக்கும் நடுவில் கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர். மிச்சம் 100 கிலோமீட்டரை உங்கள் பந்து எப்படிக் கடந்தது?

கச்சாய் வீதி:
ரொறன்ரோவில் இருந்துகொண்டு என் வளவின் உயரத்தை அளக்கும் அண்ணருக்கு வணக்கம். படித்தவர் நீங்கள், கடலை மறந்துவிட்டீர்கள். வெயில் காலத்தில் கடலின் மேலே ஈரக் காற்று கிடக்கும், அதற்கு மேலே சூடான உலர் காற்று படியும். இரண்டுக்கும் இடையில் அகப்பட்ட அலை மேலே தப்பிப் போகாமல் வளைந்து கடலோடு ஒட்டி வரும். மாரியில் படம் செத்துப்போகும், மாசி பங்குனியில் உயிர்த்துவிடும். எங்கள் ஊரில் எழுத்தறியாத கிழவிக்கும் தெரிந்த விஷயம் இது. படம் வந்தது. பந்து தெரிந்தது.

அலைநீளம்:
அந்த வளைவை நான் மறுக்கவில்லை. ஆனால் அது நிலையான சமிக்ஞை அல்ல. ஒரு மணித்தியாலம் வரும், அடுத்த மணித்தியாலம் அலைந்துபோகும். பிற்பகலில் தொடங்கி இரவில் முடிந்த ஆட்டம் அது. அவ்வளவு நேரமும் "ஒவ்வொரு பந்தையும்" பார்த்தேன் என்கிறீர்கள். அந்த "ஒவ்வொரு" என்ற சொல்லுக்குத்தான் என் ஆட்சேபம்.

அல்வாயூரான்:
தென்மராட்சியில் படம் சுமாராகத்தான் வந்தது என்பது ஊரறிந்த உண்மை. உண்மையான படம் பார்த்தவர்கள் வடமராட்சிக்காரர். எங்களுக்கு முன்னால் கடல், கடலுக்கு அந்தப் பக்கம் இந்தியா. நடுவில் ஒரு தென்னை மரம்கூட மறைக்காது. பருத்தித்துறையில் அன்ரனாவைக் கூரையில் சாய்த்து வைத்தாலே படம் வரும். சாவகச்சேரிக்காரர் குழாய் மேல் குழாய் பொருத்தியதே அவர்களுக்குப் படம் வராததால்தான்.

கச்சாய் வீதி:
ஆரம்பித்துவிட்டார்கள். வடமராட்சிக்காரருக்குக் கடலும் சொந்தம், காற்றும் சொந்தம், இப்போது கொடைக்கானலும் சொந்தம். குழாய் பொருத்தியது படம் வராததால் அல்ல, நல்ல படத்தை இன்னும் நல்லதாக்க. அந்த மார்ச்சில் அல்வாயிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஆட்டம் பார்க்க வந்தவர்கள் இருக்கிறார்கள். கூரையில் சாய்த்து வைத்தாலே வரும் என்றால் அவர்கள் ஏன் சைக்கிள் மிதித்து வந்தார்கள்?

அல்வாயூரான்:
உறவுக்காரரைப் பார்க்க வந்திருப்பார்கள்.

குருநகர் கரை:
எல்லோரும் கிரிக்கெட்டையே கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். யாழ்ப்பாணத்து விளையாட்டு உதைபந்தாட்டம். 1990 ஜூன் 8, மிலான் நகரில் நடந்த உலகக் கிண்ணத்தின் முதல் ஆட்டத்திலேயே கமரூன் ஆர்ஜென்ரீனாவை 1-0 என்று வென்றது. மரடோனா தலையைத் தொங்கப் போட்டதை எங்கள் கரையில் ஒரு பெட்டியைச் சுற்றி ஊரே நின்று பார்த்தது. ஓமாம் பியிக் தலையால் முட்டிய பந்து தெரிந்தது. கறுப்பு வெள்ளைப் புள்ளிக்குள்ளும் தெரிந்தது. உதைபந்து பெரியது என்பதால் யாரும் கேள்வி கேட்பதில்லை. மூன்று நாளில் யுத்தம் தொடங்கியது. அந்தக் கிண்ணத்தை மேற்கு ஜெர்மனி எடுத்ததை வானொலியில்தான் கேட்டோம். இன்றுவரை அந்த இறுதியாட்டத்தை நான் தேடிப் பார்க்கவில்லை. பார்க்க விருப்பமும் இல்லை.

நல்லூர் இளையவன்:
குருநகர் அண்ணை சொன்னதுதான் நான் சொல்வதும். முதல் ஆட்டம் பார்த்தீர்கள், கடைசி ஆட்டம் இல்லை. அரைகுறை. அரைகுறையை அழகு என்று எங்களிடம் விற்காதீர்கள். தூரதர்சன் முந்திய காலத்தில் செய்தி நேரம் வந்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டுச் செய்தி வாசிக்கும். ஓவரின் கடைசிப் பந்து முடிவதற்குள் விளம்பரம் வந்துவிடும். 2024இல் எங்கள் மத்திய கல்லூரிப் பையன் வியாஸ்காந்த் ஐ.பி.எல்லில் ஹைதராபாத் அணிக்குப் பந்துவீசினான். அவன் விரல் பந்தில் எப்படிச் சுழல்கிறது என்பதை மெதுவாக ஓட்டிக் காட்டினார்கள். கட்டணம் கட்டித்தான் பார்த்தேன். ஒரு யாழ்ப்பாணத்துப் பையனின் விரலைப் பார்க்க அந்தக் காசு எனக்குப் பெரிதில்லை. உங்கள் கறுப்பு வெள்ளைப் பெட்டியில் விரலைக் காட்டுங்கள் பார்ப்போம்.

அலைநீளம்:
வியாஸ்காந்த் திறமைசாலி, மறுப்பில்லை. ஆனால் "எங்கள் மத்திய கல்லூரி" என்று நெஞ்சை நிமிர்த்துவது தேவையில்லை. வடக்கின் பெரும் சமர் என்ற கல்லூரிக் கிரிக்கெட் ஆட்டம் 1904 முதல் நடக்கிறது. இன்னொரு பக்கத்தில் சென் ஜோன்ஸ் என்று ஒரு கல்லூரியும் ஆடுகிறது. நினைவிருக்கட்டும்.

நல்லூர் இளையவன்:
தெரியும். ஐ.பி.எல்லில் ஆடிய ஜோனியன் ஒருவரின் பெயரைச் சொல்லுங்கள். காத்திருக்கிறேன்.

கச்சாய் வீதி:
கல்லூரிச் சண்டையை வேறு இடத்தில் வையுங்கள். தம்பி விரலைப் பற்றிக் கேட்டார். பதில் சொல்கிறேன்.

விரல் தெரியாதுதான். ஆனால் அன்று அந்தப் பெட்டி யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. வலிகாமத்திலிருந்து வெறும் கையோடு வந்தவர்கள் முன்வரிசையில் சாக்கு விரித்து இருந்தார்கள். வீட்டுக்காரன் நான் பின்னால் நின்றேன். ஆகாயத்தில் வந்த அலைக்கு வாசலில் காவலாளி இல்லை. ஒரு குழாய் உயர்த்தியவன் பார்த்தான், அவனைச் சுற்றி நின்றவனும் பார்த்தான். இன்றைக்குப் பெட்டி இல்லாத வீடு இல்லை. ஆனால் விளையாட்டு அலைவரிசைகள் தனிப் பொதிக்குள் போய்விட்டன, அவற்றுக்குத் தனிக் கட்டணம். பக்கத்து வீட்டில் கூலி வேலை செய்பவரின் வீட்டிலும் பெரிய வண்ணப் பெட்டி இருக்கிறது, அதற்குள் ஆட்டம் இல்லை. என் வீட்டுக்கு வந்து பார்க்கவும் அவர் கூச்சப்படுகிறார். முன்பு யாரும் கூச்சப்படவில்லை, ஏனென்றால் ஒருவரும் காசு கட்டவில்லை. எங்கள் பகுதிக் கேபிள்காரரோ ஒரு முக்கிய ஆட்டத்தின் நடுவில் இணைப்பை அறுத்துவிட்டுத் தொலைபேசியையும் எடுக்கவில்லை. அறுந்தது கம்பி என்றால் நானே ஏறிக் கட்டியிருப்பேன். அவரிடம் போய் நான் எந்தக் குழாயைத் திருப்புவது?

இதுதான் நான் சொல்ல வந்தது. ஆனால் தம்பி பந்தைப் பிடித்துக்கொண்டு தொங்குவதால் மறுபடியும் சொல்கிறேன்: பந்து தெரிந்தது. ரணதுங்க மெக்ராத்தின் பந்தை மூன்றாம் ஆள் பக்கம் தட்டிவிட்டு வெற்றி ஓட்டத்தை எடுத்தார். பெனாசீர் பூட்டோ கையால் கிண்ணம் வாங்கினார். பார்க்காதவன் இப்படிச் சொல்ல முடியுமா?

நல்லூர் இளையவன்:
முடியும். நான் பிறப்பதற்கு முன் நடந்த ஆட்டம் அது. ரணதுங்கவின் அந்தத் தட்டலை நானும் சொல்வேன், ஜயசூரிய ஓட்டத்தில் ஆட்டமிழந்ததையும் சொல்வேன். யூடியூப்பில் வண்ணத்தில் இருக்கிறது. நீங்கள் சொல்வது 1996இல் பார்த்ததா, பிறகு பார்த்ததா என்று உங்களுக்கே பிரித்தறிய முடியுமா?

கச்சாய் வீதி:
நான் பார்த்ததை எனக்கே சந்தேகிக்கச் சொல்கிறீர். என் கண்ணை விட உமக்கு யூடியூப் பெரிது.

மட்டுவில் கத்தரி:
இதற்குள் வரக்கூடாது என்று இருந்தேன், முடியவில்லை. அன்று அந்த வீட்டில் நானும் இருந்தேன். சின்னப் பிள்ளை, ஆனால் நினைவு நன்றாக இருக்கிறது. முற்றத்தில் ஆண்கள் பெட்டிக்கு முன்னால். பெண்களையும் பிள்ளைகளையும் திண்ணைப் பக்கம் விட்டார்கள். அங்கிருந்து தெரிந்தது பெட்டியின் முதுகு. நாங்கள் ஆட்டத்தைப் பார்த்தது ஆண்களின் முகத்தில். வாசலில் காவலாளி இல்லை என்று கச்சாய் வீதி அண்ணை எழுதுவது படிக்க நன்றாக இருக்கிறது. எங்களுக்கு யார் சாக்கு விரித்தார்கள்?

இன்னொன்று. அந்த 12 வோல்ற் பற்றரி எங்கள் அப்பாவின் மொறிஸ் மைனர் காருடையது. ஆட்டம் முடிந்து திரும்பி வந்தபோது அதில் உயிர் இல்லை. அடுத்த மாதம் இராணுவம் தென்மராட்சிக்குள் வந்தபோது எங்கள் கார் கிளம்பவில்லை.

கச்சாய் வீதி:
தங்கச்சி, பற்றரி உங்கள் வீட்டிலிருந்து வந்தது உண்மை. ஆனால் அது வரும்போதே பழசு. மண்ணெண்ணெயில் ஓடிய காரின் பற்றரி எத்தனை நாள் தாங்கும்? திண்ணையில் இருந்தவர்களுக்குப் பெட்டியின் முதுகு தெரிந்திருக்கலாம். அதற்காக முன்னால் இருந்தவனுக்குப் பந்து தெரியவில்லை என்றாகிவிடுமா?

மட்டுவில் கத்தரி:
பழசு என்று அன்றைக்கு வாங்கும்போது சொல்லியிருக்கலாம்.

அல்வாயூரான்:
ஒரு சின்னக் கேள்வி. கச்சாய் வீதியார் முதல் பதிவில் "எங்களுக்கு 23 ஓட்டத்தில் இரண்டு விக்கெட் போய்விட்டது" என்று எழுதியிருக்கிறார். 1996 மார்ச்சில் தென்மராட்சியில் இருந்துகொண்டு, வீட்டை விட்டு ஓடி வந்த சனத்தை முற்றத்தில் வைத்துக்கொண்டு, "எங்களுக்கு" என்றா? எங்கள் பக்கத்தில் அன்று பலர் அவுஸ்திரேலியா வெல்ல வேண்டும் என்று இருந்தார்கள். நான்கு நாளுக்கு முன் கல்கத்தா அரையிறுதியில் இந்தியா 120க்கு 8 என்று சரிந்து, சனம் போத்தல் எறிந்து, ஆட்டத்தை இலங்கைக்குக் கொடுத்தபோது இங்கே அழுதவர்களும் இருந்தார்கள்.

கச்சாய் வீதி:
என் முற்றத்தில் இரண்டு வகையும் இருந்தது, ஒளிக்க ஒன்றுமில்லை. நான் இலங்கை அணியின் தமிழ்ப் பந்துவீச்சாளர் முரளிக்காகப் பார்த்தேன். முந்தைய டிசம்பர் 26 மெல்பேணில் அந்த நடுவர் முரளி பந்தை எறிகிறார் என்று மறுபடி மறுபடி பிழை கூப்பிட்டதற்குப் பிறகு அவுஸ்திரேலியா தோற்பதைப் பார்க்க எனக்கு உரிமை இருக்கிறது. "எங்களுக்கு" என்று எழுதினேன், மாற்ற மாட்டேன். அதைப் பிடித்து அரசியல் பேச வேண்டாம்.

குருநகர் கரை:
இதனால்தான் உதைபந்து நல்லது. கமரூனுக்குக் கத்தியதற்கு இதுவரை என்னிடம் ஒருவரும் விளக்கம் கேட்டதில்லை.

அலைநீளம்:
மூலக் கேள்விக்கு வருவோம். அந்தக் குழாயின் உண்மையான உயரம் என்ன? அன்ரனாவில் எத்தனை கம்பிகள்? அலையைப் பெருக்கும் பூஸ்டர் இருந்ததா? அதைச் சொன்னால் பந்தளவு நுணுக்கம் திரையில் விழுந்திருக்குமா என்று நான் கணக்கிட்டுச் சொல்கிறேன்.

கச்சாய் வீதி:
குழாய் இன்னும் என் வளவில் நிற்கிறது. அதில்தான் இப்போது கேபிள் கம்பியைக் கட்டியிருக்கிறார்கள், என்னைக் கேட்காமலே. உயரம் வேண்டும் என்றால் ரொறன்ரோவிலிருந்து வந்து அளந்து பாருங்கள். பூஸ்டர் இருந்தது. பந்து தெரிந்தது.

நல்லூர் இளையவன்:
பூஸ்டர் புள்ளியையும் சேர்த்துத்தான் பெருக்கும் ஐயா.

அல்வாயூரான்:
பருத்தித்துறையில் பூஸ்டரே தேவைப்படவில்லை. 1983 இறுதியாட்டத்தைப் பற்றி வேண்டுமானால் கேளுங்கள், லோர்ட்ஸ் மைதானத்தில் இந்தியா 183 அடித்து மேற்கிந்தியாவை 140இல் சுருட்டியது. அதை எங்கள் ஊரில் யார் எப்படிப் பார்த்தார்கள் என்று நான் எழுதத் தொடங்கினால் சாவகச்சேரிக்காரர் வாய் திறக்க மாட்டார்கள்.

கச்சாய் வீதி:
எழுதும். 1983இல் உம்முடைய ஊரில் எத்தனை பெட்டி இருந்தது என்பதையும் சேர்த்து எழுதும்.