பனிமூட்டக் காலையில் ஓடிக்கொண்டே ஆஃப் ஆகும் பைக்: எங்கே இருந்து பார்ப்பது?

கேள்வி

வணக்கம். இலையுதிர் காலம் தொடங்கியதில் இருந்து என் பைக் ஒரு புரியாத தொல்லை கொடுக்கிறது. 200 சிசி, ஒற்றை சிலிண்டர், ஏர் கூல்டு, கார்புரேட்டர் வண்டி. தினமும் காலையில் வேலைக்குக் கிராமத்துச் சாலைகள் வழியாகத்தான் போகிறேன். இரண்டு பக்கமும் வயல், அப்புறம் காட்டு ஓரமாக நீளமான ஓர் இறக்கம்.

காலையில் முதல் உதையிலேயே ஸ்டார்ட் ஆகிவிடும். சோக்கை எடுத்த பிறகும் ஐடிலிங் சீராக இருக்கும். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரே சீராகக் கொஞ்ச நேரம் போனதும் இழுவை மெல்லக் குறைகிறது. ஆக்சிலேட்டரைக் கூட்டினால் திணறுகிறது. கிளட்சைப் பிடித்தால் உடனே ஆஃப். அந்த நேரம் எவ்வளவு உதைத்தாலும் பிடிக்காது. ஓரமாக நிறுத்திப் பத்து நிமிடம் காத்திருந்து உதைத்தால், ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிவிடும். மாலையில் அதே சாலையில் திரும்பி வரும்போது எந்தச் சிக்கலும் இல்லை.

மெக்கானிக் பிளக்கையும் ஏர் ஃபில்டரையும் மாற்றி, கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து பார்த்துவிட்டார். பட்டறைக்குள் ஓடவிட்டால் ஒரு குறையும் தெரியவில்லை.

வண்டி நிற்பதைவிட, அது நிற்கும் இடம்தான் எனக்குப் பெரிய கவலை. பெரும்பாலும் அந்த இறக்கத்தில், ஈர இலை மூடிய வளைவில்தான் திணற ஆரம்பிக்கிறது. ஒரு கணம் அடங்கி, மறுகணம் சட்டென்று பிடிக்கும்போது பின்சக்கரம் இலையில் வழுக்கி விலகுகிறது. உண்மையிலேயே பயமாக இருக்கிறது. தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

பதில் 1

முதலில் டேங்க் மூடியில் உள்ள காற்றுத் துளையைப் பாருங்கள். பெட்ரோல் கீழே இறங்க இறங்க, அந்த இடத்தை நிரப்ப வெளிக்காற்று உள்ளே போக வேண்டும். தூசியோ துருவோ துளையை அடைத்துவிட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் இறங்குவது நின்றுவிடும். கொஞ்சதூரம் ஓடி நிற்பது, காத்திருந்தால் ஸ்டார்ட் ஆவது எல்லாம் இதற்கும் பொருந்தும்.

கண்டுபிடிப்பது சுலபம். அடுத்த முறை நின்றதும் காத்திருக்காமல் மூடியைத் திறந்து பாருங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டு, சற்று நேரத்திலேயே வண்டி பிடித்துக்கொண்டால் இதுதான் காரணம்.

பதில் 2

பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இந்தப் பருவத்தில் பகலுக்கும் இரவுக்கும் வெப்பம் ஏறி இறங்குவதால், பாதி காலியான டேங்கின் உள்சுவரில் ஈரம் படியும். கார்புரேட்டரின் அடியில் இருக்கும் ஃப்ளோட் கிண்ணத்தின் வடிகால் திருகைத் தளர்த்தி, பெட்ரோலை ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடியுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனிக் குமிழாக உருளும்.

இன்னொன்று, பிளக்குக்குப் போகும் வயரும் பிளக் கேப்பும். ரப்பரில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தால் ஈரக்காற்றில் மின்சாரம் அங்கேயே கசிந்துவிடும். இருட்டில் இன்ஜினை ஓடவிட்டு, வயர் மேல் தண்ணீரை மென்மையாகப் பூவாளி போலத் தெளித்துப் பாருங்கள். கசிவு இருந்தால் நீலப் பொறி தெரியும். கையால் மட்டும் தொட்டுவிடாதீர்கள்.

பதில் 3

மேலே இருவரும் சொன்னதைக் கட்டாயம் பாருங்கள். ஆனால் எனக்கு வேறொரு சந்தேகம் இருக்கிறது. அதற்கு முன் சிலவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பனிமூட்டம் இல்லாத, வறண்ட குளிர்காற்று வீசும் காலையிலும் இப்படி ஆகிறதா? மேட்டில் ஏறும்போது எப்போதாவது நின்றிருக்கிறதா, அல்லது சமதரையிலும் இறக்கத்திலும் மட்டுமா? அடிக்கடி நின்று நின்று போகும் நெரிசலில் எப்படி? நின்றவுடன் கார்புரேட்டரின் வெளிப்பக்கம் எப்படி இருக்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா?

கேட்டவர்

நீங்கள் கேட்ட பிறகுதான் யோசித்துப் பார்க்கிறேன். பூஜ்யத்தை ஒட்டிய வறண்ட குளிரில் ஒருமுறைகூட நின்றதில்லை. 5, 6 டிகிரி இருந்து பனிமூட்டமோ தூறலோ சேர்ந்தால்தான் இந்தத் தொல்லை. மேட்டில் நின்றதே இல்லை. நெரிசலிலும் இல்லை. கார்புரேட்டரைத் தொட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. நாளை பார்க்கிறேன்.

பதில் 3

அப்படியானால் பெரும்பாலும், பெட்ரோலும் காற்றும் கலக்கும் கார்புரேட்டருக்குள் பனிக்கட்டி பிடிக்கிறது. வெளியே 6 டிகிரி இருக்கும்போது உள்ளே எப்படி உறையும் என்று தோன்றும். கையில் சானிடைசர் ஊற்றினால் அது ஆவியாகும்போது தோல் சில்லென்று ஆகிறதே, அதே வேலைதான் அங்கேயும் நடக்கிறது. பெட்ரோல் ஆவியாகத் தேவைப்படும் வெப்பத்தைப் பக்கத்தில் உள்ள காற்றிலிருந்தும் உலோகத்திலிருந்தும் இழுத்துக்கொள்கிறது. ஆக்சிலேட்டர் குறைவாகத் திறந்திருக்கும்போது குறுகிய இடுக்கு வழியே பாயும் காற்றின் அழுத்தம் விழுவதாலும் குளிர் கூடுகிறது. வெளியில் 6 டிகிரி என்றால், உள்ளே பூஜ்யத்துக்குக் கீழே போக 7 டிகிரி இறங்கினாலே போதும்.

அடுத்தது ஈரம். உங்கள் 200 சிசி இன்ஜின் 5000 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு 2500 தடவை காற்றை உறிஞ்சுகிறது. ஒவ்வொரு தடவையும் முழுசாக நிறைந்தால் 500 லிட்டர். பாதி நிறைந்தால் 250 லிட்டர். 6 டிகிரியில் ஈரம் நிறைந்த காற்று ஒரு கன மீட்டருக்கு, அதாவது 1000 லிட்டருக்கு, சுமார் 7 கிராம் நீராவி வைத்திருக்கும். அதாவது நிமிடத்துக்கு ஏறக்குறைய 2 கிராம் தண்ணீர் அந்தச் சின்னத் துவாரம் வழியாகப் போகிறது. பனிமூட்டத்தின் நுண்துளிகள் இந்தக் கணக்கில் சேரவில்லை. அதில் துளியூண்டு உறைந்து ஐடில் துளை ஓரத்தில் ஒட்டினாலே போதும், இன்ஜின் மூச்சுத் திணறும்.

வறண்ட குளிரில் தொல்லை இல்லாததற்கும் இதுதான் விளக்கம். உறைவதற்கு அந்தக் காற்றில் ஈரம் போதாது. மேட்டில் ஆக்சிலேட்டர் அகலமாகத் திறந்திருக்கும், இன்ஜினும் சூடாக இருக்கும். இறக்கத்தில் இரண்டும் தலைகீழ். நெரிசலில் நிற்கும்போது இன்ஜின் சூடு கார்புரேட்டருக்கு ஏறிவிடும். ஆளில்லாத கிராமத்துச் சாலையில் நிறுத்தாமல் சீராகப் போகும்போது, எதிர்க்காற்று அந்தச் சூட்டை அடித்துக்கொண்டு போய்விடும். நின்ற பிறகு பத்து நிமிடத்தில் இன்ஜின் சூடு பரவிக் கட்டி உருகிவிடுகிறது. உங்கள் மெக்கானிக்கின் மேல் தப்பில்லை. கதகதப்பான பட்டறைக்குள் இந்தக் குறையை வரவழைக்கவே முடியாது.

பதில் 4

மேலே சொன்னதை நானும் வழிமொழிகிறேன். சிறிய பிஸ்டன் இன்ஜின் விமானங்களில் இது நன்றாகத் தெரிந்த ஆபத்து. கார்புரேட்டருக்குச் சூடான காற்றைத் திருப்பிவிட விமானியின் கைக்கு எட்டும் இடத்தில் தனி நெம்புகோலே வைத்திருப்பார்கள். அங்கே ஈரம் மிகுந்தால் 20 டிகிரி வெயிலிலும் கட்டி பிடிக்கும்.

பைக்குகளில், சில மாடல்களில் கார்புரேட்டருக்கு மின்சார ஹீட்டர் உண்டு. லிக்விட் கூல்டு வண்டிகள் சிலவற்றில் கூலன்ட் குழாயையே அந்த வழியாகச் சுற்றிவிட்டிருப்பார்கள். உங்கள் கையேட்டைப் பாருங்கள். ஹீட்டர் இருந்தால் முதலில் அதன் ஃபியூஸையும் வெப்ப சுவிட்சையும் சோதியுங்கள். வெயில் காலம் முழுக்க யாரும் கவனிக்காமல் விடும் சாமான் அது.

ஹீட்டர் இல்லையென்றால், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கலந்த உறைவுத் தடுப்புத் திரவம் பெட்ரோலில் ஊற்றுவதற்கென்றே கிடைக்கிறது. லேபிளில் போட்ட அளவைத் தாண்ட வேண்டாம். காயம் துடைக்கும் ஆல்கஹாலை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். 70 சதவீதம் என்று போட்டிருந்தால் மீதி தண்ணீர்தான்.

அதோடு, எதிர்க்காற்று நேராகக் கார்புரேட்டர் மேல் மோதாதபடி சின்னதாக ஒரு தகட்டு மறைப்பு வைக்கலாம். சூட்டை வெளியேற்றும் சிலிண்டர் இறக்கைகளை மூடக் கூடாது. சைலன்சரைத் தொடும் இடத்தில் பிளாஸ்டிக்கோ துணியோ கூடவே கூடாது.

கேட்டவர்

மிக்க நன்றி. இதையெல்லாம் செய்து முடிக்கும்வரை வேலைக்குப் போகாமல் இருக்க முடியாது. அந்த வளைவில் திணறல் ஆரம்பித்தால் அந்த நொடியில் நான் என்ன செய்ய வேண்டும்?

பதில் 5

இதைத்தான் நான் முதலில் பேச நினைத்தேன். ரிப்பேர் நாளைக்கும் நடக்கும், வளைவு இன்றைக்கே வருகிறது.

இறக்கம் தொடங்கும் முன்பே, நேரான இடத்தில் பாதுகாப்பாக ஒதுங்கி, இன்ஜினை நிறுத்தி இரண்டு மூன்று நிமிடம் நில்லுங்கள். எதிர்க்காற்று இல்லாததால் சூடு கார்புரேட்டருக்கு ஏறும். அதற்கு மேல் தேவையில்லை.

வளைவுக்குள் திணறினால் ஆக்சிலேட்டரை முறுக்கி உயிர் கொடுக்கப் பார்க்காதீர்கள். அதுதான் சட்டென்று பிடித்துச் சக்கரத்தை உதறுகிறது. கிளட்சை முழுசாகப் பிடித்துக்கொண்டு உருளவிடுங்கள். இன்ஜின் அடங்கினாலும் சீறினாலும் பின்சக்கரத்துக்கு ஒன்றும் போகாது. இலை மேல் இருக்கும்போது பிரேக்கைத் தொடாமல், சாய்வைக் கூட்டாமல், பார்வையை வளைவின் முடிவில் வைத்துக் கடந்துவிடுங்கள். வண்டி நிமிர்ந்து சுத்தமான தாருக்கு வந்த பிறகு பிரேக், அப்புறம் ஓரம். இதெல்லாம் வேலை செய்ய வேண்டுமானால் வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்திருக்க வேண்டும்.

இலையைப் பற்றி ஒன்று. மேலே காய்ந்து மொறுமொறுவென்று தெரியும் குவியலுக்கு அடியில் பல நாள் ஈரம் இருக்கும். கார்கள் ஏறி அரைத்த இலை கூழாகித் தாரோடு ஒட்டிக்கொள்ளும், அது இன்னும் மோசம். கார்ச் சக்கரம் துடைத்துவிட்ட இரண்டு தடங்களில் ஒன்றில் போங்கள். நடுவிலும் ஓரத்திலும்தான் குவியும். மர நிழல் விழும் பக்கம் மதியம்வரை காயாது. வயல் வாசல் வரும் இடங்களில் டிராக்டர் சக்கரம் இழுத்துவந்த சேறு சாலையில் கிடக்கும். முதல் கட்டியைப் பார்த்ததுமே வேகத்தைக் குறையுங்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம். சில சிறிய பைக்குகளில் இன்ஜின் நின்றால் முகப்பு விளக்கும் அணைந்துவிடும். உங்கள் வண்டி எப்படி என்று வீட்டு வாசலிலேயே சாவியைப் போட்டுப் பாருங்கள். பின்விளக்கும் அணைகிறது என்றால், பனிமூட்டத்தில் பின்னால் வரும் வண்டிக்கு நீங்கள் இல்லவே இல்லை. நின்றதும் பைக்கைச் சாலையை விட்டு முழுசாக இறக்கிவிட்டு, நீங்களும் தள்ளி நில்லுங்கள். சாலை விளிம்பில் நின்று கிக்கரை உதைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

பதில் 6

டயர் காற்றையும் பார்த்துவிடுங்கள் நண்பரே. 25 டிகிரியில் அடித்த காற்று 5 டிகிரியில் 3 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைந்திருக்கும். காற்றைக் குறைத்தால் ஈரத்தில் பிடிப்பு கூடும் என்று சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள். தார்ச்சாலையில் காற்று குறைந்த டயரின் பள்ளங்கள் நெருங்கித் தண்ணீர் வெளியேற வழி குறையும்.

இடையில் என் சந்தேகம் ஒன்று: என்னுடையது ஃபியூவல் இன்ஜெக்ஷன் வண்டி. எனக்கும் இப்படி வருமா?

பதில் 3

வாய்ப்பு மிகக் குறைவு. இன்ஜெக்ஷனில் பெட்ரோல் பெரும்பாலும் த்ராட்டிலை (ஆக்சிலேட்டரை முறுக்கினால் திறக்கும் காற்றுக் கதவு) தாண்டி, சூடான இன்ஜினுக்குப் பக்கத்தில் தெளிக்கப்படுகிறது. ஆவியாவதால் வரும் குளிர் த்ராட்டில் தகட்டை எட்டாது.

பதில் 5

காலை நேரம் என்பதால் இதையும் சேர்த்துக்கொள்கிறேன். சூரியன் தாழ்ந்து உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் உங்களுக்கு எல்லாம் தெளிவாகத் தெரியும். ஆனால் உங்கள் நிழல் முன்னால் நீளமாக விழுகிறது என்றால், எதிரே வருபவரின் கண் நேராகச் சூரியனில் இருக்கிறது. அவர் உங்களைப் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொண்டு ஓட்டுங்கள். காட்டு ஓரத்தில் மான் ஒன்று குறுக்கே போனால் அதன் பின்னால் இன்னொன்று வரும். முதல் மான் போனதும் வேகமெடுக்காதீர்கள்.

கேட்டவர்

எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். பனிமூட்டமான காலையில் வழக்கம் போலத் திணறியதும் கிளட்சைப் பிடித்து உருட்டி, ஓரமாக இறக்கிவிட்டேன். டேங்க் மூடியைத் திறந்தேன், சத்தம் இல்லை, ஸ்டார்ட்டும் ஆகவில்லை. குனிந்து பார்த்தால் கார்புரேட்டரின் இன்ஜின் பக்கத்துக் கழுத்தில் வெள்ளையாக உறைபனி படிந்திருந்தது. விரல் வைத்த இடத்தில் கரைந்து, பக்கத்தில் அப்படியே நின்றது. ஃப்ளோட் கிண்ணத்துப் பெட்ரோலில் தண்ணீர்க் குமிழ் இல்லை. வயரிலும் பொறி இல்லை.

என் மாடலுக்கு ஹீட்டர் கிடையாது. உறைவுத் தடுப்புத் திரவம் ஊற்றி, சின்ன அலுமினியத் தகடு ஒன்றை மறைப்பாகப் பொருத்தினேன். அதன் பிறகு வந்த பனிமூட்டக் காலைகளில் இறக்கம் முழுக்க ஒருமுறைகூடத் திணறவில்லை. இன்ஜின் நின்றால் முகப்பு விளக்கு அணைகிறது, பின்விளக்கு எரிகிறது என்பதையும் தெரிந்துகொண்டேன். திரவத்தை எவ்வளவு காலம் ஊற்ற வேண்டும்? தகட்டை அப்படியே விட்டுவிடலாமா?

பதில் 3

ரொம்ப மகிழ்ச்சி. ஈரமும் குளிரும் சேர்ந்திருக்கும் நாட்கள்வரை ஒவ்வொரு முறை டேங்க் நிரப்பும்போதும் ஊற்றுங்கள். கடுங்குளிரில் காற்று வறண்ட பிறகு தேவைப்படாது, குளிர் தளர்ந்து ஈரம் திரும்பும்போது மறுபடி தேவைப்படும். தகட்டின் திருகுகள் அதிர்வில் தளர்கின்றனவா என்று அடிக்கடி பாருங்கள், ஆக்சிலேட்டர் கேபிளில் உரசாமல் இருக்க வேண்டும். வெயில் காலம் வந்ததும் கழற்றிவிடுங்கள். அப்போது கார்புரேட்டருக்கு அந்தக் காற்று தேவை.